கம்பிக் கதவின் சாவியிலிருந்து தொடங்கிய வேலை

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாகப் பிரியும் ஒழுங்கைகளில், ஒரு காலத்தில் தனி வீடும் மாமரமும் நின்ற காணிகளில் இன்று ஆறு, ஏழு மாடிகள் எழுந்து நிற்கின்றன. அப்படியான ஒரு தொடர்மாடியில் பல ஆண்டுகளாக வசித்து வருகிறேன். அதன் குடியிருப்பாளர் சங்கச் செயலாளராகவும் இருக்கிறேன். தண்ணீர்த் தாங்கி, லிப்ட் பராமரிப்பு, வாகனத் தரிப்பிடச் சண்டை என்பவற்றைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்த எங்கள் கூட்டங்களில், இரண்டாம் மாடியில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பின்னர்தான் தீ என்ற விடயம் நிகழ்ச்சிநிரலில் ஏறியது.

சம்பவம் என்னவோ சிறியதுதான். ஒரு சனிக்கிழமை மதியச் சமையலின்போது, அப்பளம் பொரிப்பதற்காக அடுப்பில் எண்ணெய்த் தாச்சியை வைத்துவிட்டு, வாசலில் வந்து நின்ற மரக்கறி வியாபாரியிடம் பேசப்போன இரண்டாம் மாடி அன்ரி திரும்பி வருவதற்குள் எண்ணெய் பற்றிக்கொண்டது. மகன் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்திருக்கிறார். "தண்ணி ஊத்தாத தம்பி! அந்தப் பெரிய மூடியை எடு" என்று அன்ரி போட்ட சத்தம் எங்கள் மாடிவரை கேட்டது. காஸ் அடுப்பை நிறுத்தி, சோற்றுப்பானை மூடியைத் தாச்சியின்மேல் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடி, அதை அசைக்காமல் அப்படியே விட்டுவிட்டார். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. குசினிச் சுவரின் ஒரு பகுதி கறுத்ததைத் தவிர வேறு சேதமில்லை.

ஆனால், எண்ணெய்ப் புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறி நான்காம் மாடிக்குப் போனபோது, அங்கே ஒரு வீட்டின் வெளிக் கம்பிக் கதவுக்குப் பின்னால் ஓர் அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் இருமிக்கொண்டு நின்றார்கள். வேலைக்குப் போன மகளும் மருமகனும், வயதானவர் யாருக்கும் கதவைத் திறந்துவிடக் கூடாது என்ற கவலையில், கம்பிக் கதவை வெளியிலிருந்து ஆமைப்பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மற்றச் சாவி எங்கே என்று அம்மம்மாவுக்கும் தெரியவில்லை, அயலவருக்கும் தெரியவில்லை. மருமகன் புறக்கோட்டையிலிருந்து நெரிசலுக்குள்ளால் வந்து சேர்ந்தபோது புகை முழுவதும் அடங்கிவிட்டிருந்தது. தீயை அன்ரி மிகச் சரியாகக் கையாண்டார். எங்கள் கட்டடத்தின் உண்மையான ஆபத்து, தீப்பிடித்த வீட்டிலிருந்து இரண்டு மாடி தள்ளி, ஒரு பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த கூட்டத்தில், வீடு வீடாகப் பார்த்து வருவது என்று முடிவானது. ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர் ஒருவரையும், அனுமதிப்பத்திரம் பெற்ற மின்வேலை பாஸ் (மின்தொழிலாளி) ஒருவரையும் அழைத்துக்கொண்டு, விருப்பம் தெரிவித்த வீடுகளுக்கெல்லாம் போனோம். காஸ் சிலிண்டரையும் பிளக் பொயின்ட்களையும்தான் முதலில் பார்ப்பார் என்று நினைத்திருந்த எங்களுக்கு அலுவலர் கேட்ட முதற் கேள்வி வியப்பாக இருந்தது. "இரவு இரண்டு மணிக்கு, கரண்ட் இல்லாமல், புகைக்குள்ளால எழும்பி வாறீங்கள் எண்டு வையுங்கோ. வெளியில போறதுக்கு எத்தனை பூட்டுத் திறக்க வேணும்? சாவி எங்க இருக்கு?" என்று ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் நின்றே கேட்டார். பெரும்பாலான வீடுகளில் இரண்டு பூட்டுகள், சிலவற்றில் மூன்று. சாவிக்கொத்து சாமியறையில், அலுமாரிக்குள், மாமியின் தலையணைக்கடியில், தொலைக்காட்சிக்குப் பக்கத்துக் கிண்ணத்தில் என்று விதம்விதமாக இருந்தது. விருந்தினராக வந்து படுத்திருக்கும் ஒருவருக்கு இவற்றில் எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கள்வர் பயம் கொழும்பில் வெறும் கற்பனையன்று. கம்பியைக் கழற்றுங்கள் என்று சொல்வதில் பயனில்லை என்பதை அலுவலரும் ஒத்துக்கொண்டார். அவர் சொன்னவை எளியவை. ஆட்கள் உள்ளே இருக்கும்போது வெளியிலிருந்து பூட்டுவதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. உட்புற ஆமைப்பூட்டுக்குப் பதிலாக, உள்ளிருந்து சாவியின்றித் திருப்பித் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்த வேண்டும். வெளியிலிருந்து கையை நுழைத்துத் திருப்ப முடியாதபடி கம்பிக்குப் பின்னால் ஒரு தகட்டை வைத்து ஒட்டிவிட்டால் கள்வர் கவலையும் தீரும். அதற்கு வசதியில்லாதவர்கள், கதவுக்கு அருகில், வெளியிலிருந்து கை எட்டாத உயரத்தில் ஓர் ஆணியில் சாவியை மாட்டி, அந்தச் சாவியை வேறெதற்கும் எடுக்காமல் இருக்க வேண்டும். சிறுபிள்ளைக்கும் அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். படுக்கையறை யன்னற் கம்பிகளில் ஒன்றையாவது உள்ளிருந்து திறக்கும் விதமாக மாற்றுவது நல்லது. முதலாம், இரண்டாம் மாடிகளில் அது தப்பும் வழியாகவே பயன்படும். அதற்கு மேல், காற்றுக்காகவும் கீழே நிற்பவர்களுக்குச் சத்தமிடுவதற்காகவும், ஏணி வந்தால் மீட்கப்படுவதற்காகவும் பயன்படும்.

வெளியே போவதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் புகை. வீட்டுத் தீயில் இறப்பவர்களில் பெரும்பகுதியினரின் உயிரைச் சுவாலையைவிடப் புகையே பறிக்கிறது. முன்பு மரக்கதிரையும் பஞ்சு மெத்தையும் இருந்த வீடுகளில் இப்போது நுரைப்பஞ்சு மெத்தை, செற்றி, பிளாஸ்டிக் அலுமாரி, செயற்கை நூல் திரைச்சீலை ஆகியவை நிறைந்திருக்கின்றன. இவை எரியும்போது காபனோரொட்சைட்டுடன் ஐதரசன் சயனைட்டும் வெளிவரும். காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் மணத்தால் விழித்துக்கொள்வார் என்று நம்பியிருக்க முடியாது. ஆழ்ந்த உறக்கத்தில் மணம் உறைக்காது. உறைப்பதற்கு முன்னரே நச்சு வாயு மயக்கத்தை ஆழமாக்கிவிடும். சூடான புகை முதலில் கூரையடியில் தங்கிப் பின்னர் கீழிறங்குவதால், தரையோடு தவழ்ந்து போகிறவருக்கே பார்வையும் மூச்சும் ஓரளவு மிஞ்சும். இதை எங்கள் தொடர்மாடியில் பிள்ளைகள் விளையாட்டாகவே பழகிக்கொண்டார்கள். முழங்கால் நோவுடைய பெரியவர்களுக்குத்தான் அது கடினமாக இருந்தது.

இதனோடு சேர்ந்தது படுக்கையறைக் கதவு. மூடிய கதவொன்று, அது சாதாரணப் பலகைக் கதவாக இருந்தாலும், தீயையும் புகையையும் பல நிமிடங்கள் தடுத்து வைக்கும். வெப்பக் காலத்தில் காற்றோட்டத்துக்காக எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டுப் படுப்பது நமது வழக்கம் என்பதால், இரவில் எல்லாக் கதவுகளையும் மூடுங்கள் என்ற அறிவுரை இங்கே எடுபடவில்லை. எனக்கும் அது முழுமையாக நடைமுறைக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. குறைந்தபட்சம் குசினிக் கதவை மூடிவிட்டுப் படுப்பது எல்லோராலும் முடியும். தீப்பிடித்த அறையை விட்டு ஓடும்போது அதன் கதவை இழுத்துச் சாத்திவிட்டு ஓடுவதும் முடியும். மூடிய கதவொன்றைத் திறக்குமுன் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுட்டால் திறக்கக் கூடாது. வேறு வழியில்லாதபோது அறைக்குள்ளேயே இருந்து, கதவின் கீழ் இடைவெளியை ஈரத் துணியால் அடைத்து, யன்னலருகே நிற்க வேண்டும்.

படிக்கட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சங்கத்தில் அதைப்பற்றி நீளமாகவே சண்டை பிடித்தோம். சப்பாத்துத் தட்டு, பழைய செற்றி, பிள்ளையின் சைக்கிள், வெறுங் காஸ் சிலிண்டர், பழைய பத்திரிகைக் கட்டு என்று ஒவ்வொரு மாடிப் படியடியிலும் ஏதோ ஒன்று இருந்தது. தொடர்மாடிக்குத் தப்பும் வழியென்று இருப்பது படிக்கட்டு ஒன்றுதான். லிப்டைத் தீயின்போது பயன்படுத்தக் கூடாது. மின்சாரம் நின்றால் இடையில் அகப்பட்டுவிடும். அதன் குழியே புகைபோக்கியாகிவிடும். மொட்டைமாடிக் கதவின் பூட்டைப் பற்றிய பிணக்கு இன்னும் தீரவில்லை.

இனிக் குசினி. அன்ரி தண்ணீரைத் தடுத்தது ஏன் என்று அவருடைய மகனே பின்னர் என்னிடம் கேட்டார். பற்றி எரியும் எண்ணெயின் வெப்பநிலை தண்ணீரின் கொதிநிலையைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் இருக்கும். எண்ணெயைவிடப் பாரமான தண்ணீர் அதன் அடியில் இறங்கி, அக்கணமே ஆவியாகி ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவடையும். அந்த ஆவி எரியும் எண்ணெயைத் துளிகளாக்கித் தூக்கி எறியும்போது, ஒரு தாச்சிக்குள் அடங்கியிருந்த நெருப்பு கூரைவரை எழும். மூடி போடுவது காற்றைத் தடுக்கிறது, அவ்வளவே போதும். மூடி கிடைக்காவிட்டால், நனைத்து நன்றாகப் பிழிந்த தடித்த துவாயொன்றை, கைகளை அதன் மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு, நமக்கு அண்மையிலுள்ள விளிம்பிலிருந்து அப்பால் விரித்தபடி போட வேண்டும். பிழியாத துவாயிலிருந்து சொட்டும் தண்ணீரே ஆபத்தாகும். பிறகு அடுப்பை நிறுத்திவிட்டு, எண்ணெய் முற்றாக ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. சூடு குறையாமல் திறந்தால் காற்றுப்பட்டதும் மீண்டும் பற்றும். எரியும் தாச்சியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவது எல்லாவற்றிலும் மோசமானது. அதற்கெல்லாம் முன்னரே எண்ணெய் ஓர் எச்சரிக்கை தருகிறது: புகைக்கத் தொடங்கினால் அது அளவுக்கு மேல் சூடாகிவிட்டது என்று பொருள். பொரிக்கும் வேளையில் வாசல் மணி அடித்தாலும் தொலைபேசி ஒலித்தாலும், அடுப்பை நிறுத்திவிட்டே போக வேண்டும் என்பது இப்போது எங்கள் தொடர்மாடியில் வீட்டுக்கு வீடு சொல்லப்படும் பேச்சாகிவிட்டது. மரக்கறி வியாபாரிதான் அதிக நேரம் காத்திருக்கிறார்.

காஸைப் பற்றி இலங்கையில் யாருக்கும் பயத்தை ஊட்ட வேண்டியதில்லை. 2021 இன் பிற்பகுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயுவோடு தொடர்புடைய வெடிப்புகளும் தீ விபத்துகளும் அடுத்தடுத்து நிகழ்ந்து, புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதத்தைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்து, ஆராய்வதற்காக ஜனாதிபதி ஒரு குழுவையும் நியமித்தார். அந்த மாதங்களில் பலர் சிலிண்டரைக் குசினிக்கு வெளியே வைத்தார்கள். சிலர் அடுப்புப் பக்கமே போகவில்லை. பயம் போதியளவு இருந்தது. போதாமல் இருந்தது அந்த வாயு எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு. அது காற்றைவிடப் பாரமானது: புரொப்பேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. ஆகவே கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாமல் தரையில் படர்ந்து, பள்ளமான இடங்களிலும் அலுமாரி அடிகளிலும் தேங்கி நிற்கும். காற்றில் இரண்டு சதவீதமளவு கலந்தாலே பற்றக்கூடியதாகிவிடும். இயல்பாக மணமற்ற அந்த வாயுவில் நாம் உணர்வது கசிவை அறிவதற்காகவே சேர்க்கப்படும் மெர்காப்டன் என்ற பொருளின் வாடை.

வாடை வந்தால் என்ன செய்வது என்று கேட்டபோது, பெரும்பாலானவர்கள் "முதல்ல லைட்டைப் போட்டுப் பார்ப்போம்" என்றார்கள். விளக்கு, மின்விசிறி, குசினியின் காற்றகற்றும் விசிறி ஆகிய எதன் சுவிட்சையும் போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. இரண்டிலும் பொறி உண்டாகும். ரெகுலேட்டரை மூடி, யன்னலையும் கதவையும் அகலத் திறந்து, எல்லோரையும் வெளியேற்றி, வெளியே நின்றுதான் தொலைபேசியில் பேச வேண்டும். கசிவைத் தேட நெருப்புக்குச்சி கொளுத்தும் பழக்கம் இன்னமும் சிலரிடம் இருப்பதை இந்தச் சுற்றில் கண்டேன். சவர்க்கார நுரையை ரெகுலேட்டர் பொருந்தும் இடத்திலும் குழாயின் இரு நுனிகளிலும் பூசினால், கசியும் இடத்தில் குமிழி தானாக எழும். எங்கள் சோதனையில் அதிகமாகப் பிடிபட்டவை குழாய்கள். வெயிலிலும் சூட்டிலும் இறுகி வெடித்தவை, எலி கடித்தவை, அடுப்புக்குப் பின்னால் தாச்சிச் சூடு படும்படி வளைந்து போனவை. குழாயை இரண்டு ஆண்டுக்கொரு முறை, ரெகுலேட்டரை ஐந்து ஆண்டுக்கொரு முறை மாற்றச் சொன்னார் அலுவலர், வாங்கும்போது எஸ்.எல்.எஸ். என்ற இலங்கைத் தர முத்திரையைப் பார்த்து, வாங்கிய மாதத்தை அழியாத மையால் குழாயிலேயே எழுதிவைப்பது நல்ல வழக்கம். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே இருக்க வேண்டும். முடியப்போகும் சிலிண்டரைப் படுக்கவைத்து மிச்சக் காஸைப் பிழிந்தெடுக்கும் வித்தை 2022 காஸ் தட்டுப்பாட்டுக் காலத்தில் பரவியது. படுத்த சிலிண்டரிலிருந்து வாயுவுக்குப் பதிலாகத் திரவமே வெளிவரும், அது 250 மடங்குக்கும் மேலாக விரிந்து வாயுவாகும். இரவில் படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடுவதற்குச் செலவு எதுவுமில்லை.

மின்சாரம் பற்றி மின்வேலை பாஸ் சொன்னவைதான் இந்தச் சுற்றில் எனக்குப் புதியவையாக இருந்தன. எல்லா வீட்டிலும் ஒரே பதில் வந்தது: "எங்களிட்ட ட்ரிப் சுவிட்ச் இருக்கு, பயமில்லை." ட்ரிப் சுவிட்ச், மின்சாரம் ஒழுகி நிலத்துக்குப் போவதை, அதாவது ஒருவர் உடம்பு வழியாகவோ பழுதான கருவி வழியாகவோ கசிவதை உணர்ந்து நிறுத்துவது, வீடுகளில் அது பெரும்பாலும் 30 மில்லி அம்பியர் கசிவுக்கே இயங்கும்படி இருக்கும். அது உயிர் காப்பது. அதை மாதமொரு முறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆனால், ஒரு மல்டி பிளக்கில் கேத்தல், ரைஸ் குக்கர், டோஸ்டர் மூன்றையும் சேர்த்துப் போட்டு அந்த வயர் சூடாகி உருகினாலும், நிலத்துக்குக் கசிவு இல்லாதவரை ட்ரிப் சுவிட்ச் அசையாது. மிகைச்சுமையைப் பார்ப்பது பக்கத்திலிருக்கும் சிறிய பிரேக்கர். அதுவும் சுவருக்குள் இருக்கும் தடித்த வயரைக் காப்பதற்கான அளவிலேயே இருக்கும். பல பிளக் பொயின்ட்களை ஒரே வளையமாக இணைக்கும் சுற்றுகளுக்கு வழக்கமாக 32 அம்பியர். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் எக்ஸ்டென்சன் வயர் அதற்கு வெகு முன்பாகவே உருகத் தொடங்கிவிடும். பிரேக்கர் அதை அறியாது.

கணக்கு எளியது. 13 அம்பியர் பிளக் ஒன்று நமது 230 வோல்ட் மின்சாரத்தில் ஏறத்தாழ 3,000 வாட் வரை தாங்கும். கேத்தல் மட்டுமே 2,000 வாட்டுக்குப் போகலாம். ரைஸ் குக்கரையும் டோஸ்டரையும் சேர்த்தால் எல்லை தாண்டிவிடும். 2022 இல் காஸ் இல்லாமல் வரிசையில் நின்று களைத்த குடும்பங்கள் மின்சார அடுப்புகளை வாங்கின. அவை இன்றும் பல குசினிகளில் இருக்கின்றன, பெரும்பாலும் எக்ஸ்டென்சன் வயரில்தான் இயங்குகின்றன. வெப்பம் உண்டாக்கும் எதையும் நேரடியாகச் சுவர் பிளக் பொயின்டில் மட்டுமே போட வேண்டும் என்று பாஸ் ஒற்றை விதியாகச் சொன்னார்.

இன்னொரு சிக்கல் நமது நாட்டுக்கே உரியது. பழைய வீடுகளில் 5 அம்பியர், 15 அம்பியர் வட்ட முனைச் சொக்கெட்டுகள். புதியவற்றில் 13 அம்பியர் சதுர முனை. இரண்டுக்கும் இடையில் பாலம்போட அடப்டர்மேல் அடப்டர். சதுர முனைப் பிளக்கின் உள்ளே ஒரு பியூஸ் இருக்கும், வட்ட முனைப் பிளக்கில் இல்லை. ஆகவே பிளக்கை வெட்டி மாற்றும்போது அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இரண்டு முனைப் பிளக்கைச் சதுர சொக்கெட்டில் செருகுவதற்காக மேல் துளையில் பேனை மூடியைக் குத்தித் திறப்பதை நாங்கள் போன வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கண்டோம். அப்படிச் செருகிய பிளக் இறுக்கமாகப் பிடிக்காது. தளர்ந்த இணைப்பில் பொறியும் வெப்பமும் உண்டாகும். எங்களைப்போலக் கடற்கரைக்கு அண்மையில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் ஒரு எதிரி. பாஸ் கழற்றிக் காட்டிய சொக்கெட்டுகளில், வெளியே வெள்ளையாகப் பளபளத்தவற்றின் உள்ளே பித்தளை முனைகள் பச்சை பூத்திருந்தன.

இதில் ஒன்றை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. ஐந்தாம் மாடியில் மச்சம் தொடாத ஒரு குடும்பம். கிழமைக்கணக்காக வீட்டில் மீன் வாடை வருவதாகவும், அது கீழ்வீட்டுச் சமையல்தான் என்றும் அந்த வீட்டு மாமி மனத்தாங்கலோடு இருந்தார். குளிரூட்டிப் பெட்டிக்குப் பின்னாலிருந்த பிளக்கை பாஸ் இழுத்தபோது அதன் ஒரு பக்கம் பழுப்பேறி உருகியிருந்தது. மின் பாகங்களில் பயன்படும் சில பிளாஸ்டிக்குகளும் பூச்சுகளும் அளவுக்கு மீறிச் சூடாகும்போது மீன் வாடையை ஒத்த வாடை வீசும். விளங்காத மீன் வாடை, தொட்டால் சுடும் பிளக், சுவிட்சைச் சுற்றிப் பழுப்புக் கறை, காரணமின்றி மினுங்கும் விளக்கு, அடிக்கடி விழும் பிரேக்கர் ஆகிய எதையும் நாளைக்கென்று தள்ளிவைக்கக் கூடாது. கீழ்வீட்டாரோடு மாமி இப்போது சுமுகமாகிவிட்டார்.

கைத்தொலைபேசியைத் தலையணைக்கடியில் வைத்து மின்னேற்றுவது, மெத்தைமேல் மடிகணினியைப் போட்டுவிட்டு உறங்குவது, வீங்கிய பவர் பேங்கை எறிய மனமின்றி வைத்திருப்பது ஆகியவை இளையவர்களின் அறைகளில் கண்டவை. லிதியம் பட்டரி சூடாகிப் பற்றினால் அதை வீட்டுத் தீயணைப்பானால் எளிதில் அடக்க முடியாது. அறையைவிட்டு வெளியேறிக் கதவைச் சாத்துவதே சரி.

சாமியறையைப் பற்றிப் பேசுவது எல்லாவற்றிலும் சங்கடமாக இருந்தது. விளக்கை அணைக்கச் சொல்வது அபசகுனமாகப் பட்டுவிடும். அதனால், எங்கள் சங்கத்தில் பெரியவர் ஒருவரே அதை எடுத்துச் சொன்னார். பட்டுத் திரையும் காய்ந்த பூமாலையும் கடதாசிப் படங்களும் சூழ, மரத்தட்டில் எண்ணெய் வழிந்து ஊறியிருக்கும் இடத்தில் தூண்டாமணி விளக்கை எரியவிட்டு வெளியே போவதே பிரச்சினை. விளக்கைப் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, திரையை இரு பக்கமும் கட்டி, வெளியே போகுமுன் பூவினால் சுடரை அமர்த்தலாம் என்று அவர் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். கார்த்திகை விளக்கீட்டன்று பல்கனிச் சுவரில் வரிசையாக வைக்கும் சிட்டிகளுக்கு மேல் காயப்போட்ட துணி தொங்காமல் பார்ப்பதும், நுளம்புத்திரியை நெருப்பு பற்றாத தட்டில், மெத்தைக்கும் நுளம்புவலைக்கும் எட்ட வைப்பதும் இவ்வகையே.

2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீண்டபோது, மெழுகுதிரியும் போத்தல் விளக்கும் வீடுகளுக்குத் திரும்பி வந்தன. போத்தல் விளக்கைப் பற்றி நினைக்கும்போது ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. இலங்கைச் சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரிந்து உடையும் மண்ணெண்ணெய் விளக்குகளால் எரிகாயமடைந்து வருபவர்களைக் கண்டு, குட்டையாகவும் பாரமாகவும், உருளாதபடி இரு பக்கமும் தட்டையாகவும், திருகும் உலோக மூடியோடும் ஒரு பாதுகாப்பான விளக்கை வடிவமைத்தார். 'சுதீப' என்ற அந்த விளக்குக்காக 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விபத்து நடந்த பின் மருந்து கட்டுவதோடு நின்றுவிடாமல் விளக்கின் வடிவத்தையே மாற்றிய அந்த மனப்போக்கு எனக்கு மிகவும் பிடித்தது. எங்களுக்கு இப்போது மின்னேற்றும் எல்.ஈ.டி. விளக்குகள் இருக்கின்றன, மெழுகுதிரியை ஏற்றுவதற்கு அவசியமே இல்லை.

சாதனங்கள் என்று பார்த்தால், புகை உணரும் கருவி முதலில் வர வேண்டும், தீயணைப்பான் பிறகு. பட்டரியில் இயங்கும் புகை உணரியைப் படுக்கையறைகளுக்கு வெளியே கூரையில் பொருத்தலாம். தாளிக்கும்போதெல்லாம் அலறாமல் இருக்க, குசினியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் யாராவது பட்டரியைக் கழற்றிவிடுவார்கள். உலர் தூள் தீயணைப்பானைக் குசினி அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாமல், வெளியேறும் வழியில், அதன் வாசலில் மாட்ட வேண்டும். அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்த்து, ஊசியை இழுத்து, சுவாலையின் அடியைக் குறிபார்த்து, பக்கவாட்டில் வீச வேண்டும். சிறியது சில விநாடிகளே பீச்சும்; ஆகவே முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி இருக்கும்போது மட்டுமே அதைக் கையில் எடுக்க வேண்டும்.

தீயணைப்புச் சேவையின் அவசர இலக்கம் 110, அம்புலன்ஸுக்கு 1990. இலக்கத்தைவிட, என்ன சொல்வது என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள் என்று அலுவலர் சொன்னார்: ஒழுங்கையின் பெயர், காலி வீதியில் அதன் முகப்பிலிருக்கும் கட்டடம், எத்தனையாவது மாடி, உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா, எரிவது என்ன. இந்த விபரங்களை எழுதிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். ஒழுங்கையின் இரு பக்கமும் வாகனங்களை நிறுத்தினால் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது. 2022 செப்டெம்பரில் கிராண்ட்பாஸ் கஜிமாவத்தையில் நெருக்கமாக இருந்த ஏறத்தாழ 80 வீடுகள் எரிந்து போனதைப் பார்த்தவர்களுக்கு, நெருக்கம் என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

எரிகாயத்துக்குப் பற்பசை, பட்டர், நீலம், ஐஸ் எதுவும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடங்கள் பிடித்து, வீங்குமுன் மோதிரத்தையும் காப்பையும் கழற்றி, ஒட்டிப்போன துணியை இழுக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். உடையில் தீ பிடித்தால் ஓடாமல் நின்று, விழுந்து, உருள வேண்டும். சேலையும் நைலோன் நைற்றியும் அடுப்படிக்கு ஏற்றவையல்ல என்று பெண்கள் கூட்டத்தில் அவர்களே பேசி, பருத்திச் சட்டைக்கு மாறுவதாக முடிவெடுத்தார்கள். ஆண்கள் சாரத்தைப் பற்றி எதுவும் முடிவெடுக்கவில்லை.

நான்காம் மாடி வீட்டில் ஆமைப்பூட்டுப் போய், உள்ளிருந்து திருப்பும் பூட்டு வந்துவிட்டது. மற்றச் சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. ஒத்திகையின்போது அம்மம்மா பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க, மற்றவர்களைவிட அதிக நேரம் எடுத்தது. அதனால், அவரைக் கூட்டிவர மூன்றாம் மாடியிலிருந்து ஓர் இளைஞர் பொறுப்பேற்றிருக்கிறார், அவர் வீட்டில் இல்லாத நாட்களுக்கு இன்னொருவர். படிக்கட்டுகளுக்குப் பட்டரி விளக்குப் போடுவதற்குப் பணம் சேர்ந்துவிட்டது. யன்னற் கம்பியை மாற்ற இரண்டு வீட்டுக்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை; ஒட்டுவேலைக்காரர் அடுத்த மாதம் வரும்போது மீண்டும் கேட்டுப் பார்க்க இருக்கிறோம்.